ரிசர்வ் டேங்கில் போர் தண்ணி: கூலண்ட், வைப்பர், டயர் அனுபவப் பகிர்வு

பட்டறை, மதுரை

கோடை முடிஞ்சு, ஐப்பசி மழைக்கு முன்னாடி சர்வீஸுக்கு வர்ற வண்டிகள்ல பானெட்டைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படுறது ரிசர்வ் டேங்க். பல வண்டிகள்ல உள்ள இருக்கிறதை கூலண்ட்னே சொல்ல முடியாது. வெளுத்துப்போன பச்சைத் தண்ணி, அடியில செங்கல் நிறத்துல கசடு. லெவல் இறங்கும்போதெல்லாம் பங்க்ல தண்ணி ஊத்தி ஓட்டினா இப்படித்தான் ஆகும். அதுவும் போர் தண்ணின்னா ரெண்டு பக்கமும் அடி. கூலண்டுல இருக்கிற துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகும். தண்ணியில இருக்கிற கால்சியம் சூட்டுல பிரிஞ்சு ரேடியேட்டர் குழாய்க்குள்ள படியும். வெந்நீர் அண்டாவுல வெள்ளையா ஒட்டிக்கிட்டு சுரண்டினாலும் போகாதே, அதே உப்புதான்.

வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். கூலண்டோட மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் சரிபாதி கலந்தா 107 பக்கம் போகும். அதோட 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்குற ரேடியேட்டர் மூடி ஒழுங்கா இருந்தா 125 டிகிரிக்கு மேலயும் கொதிக்காது. ஆக, மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா எவ்வளவு விலை உயர்ந்த கூலண்ட் ஊத்தியும் பிரயோஜனம் இல்ல. மூடியில ரெண்டு வால்வு உண்டு. ஒண்ணு அழுத்தம் கூடும்போது கூலண்டை ரிசர்வ் டேங்குக்கு விடும். நடுவுல இருக்கிற சின்ன வால்வு, இன்ஜின் ஆறினதும் அதைத் திருப்பி உள்ள இழுக்கும். காலையில பானெட்டைத் திறந்தா மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கிட்டு இருக்கா? அந்தச் சின்ன வால்வு அடைச்சிருக்கு. மூடியை மாத்துங்க, ஹோஸை இல்ல.

மாத்துற கணக்குல பலர் கோட்டை விடுறாங்க. மொத்தம் நாலரை லிட்டர் பிடிக்கிற வண்டின்னு வைங்க. ரேடியேட்டரோட கீழ் பிளக்கைத் திறந்தா ரெண்டரை லிட்டர்தான் வெளிய வரும். மீதி ரெண்டு லிட்டர் இன்ஜின் பிளாக்குலயும் ஹீட்டர்லயும் நிக்கும். சுத்தத் தண்ணி விட்டு அலசினதுக்கு அப்புறம் உள்ள நிக்கிற அந்த ரெண்டு லிட்டரும் வெறும் தண்ணி. அதுமேல ரெடிமிக்ஸ் (பாதி கிளைக்கால், பாதி தண்ணி கலந்தே வர்றது) ரெண்டரை லிட்டர் ஊத்தினா கிளைக்கால் மொத்தத்துல 28 சதவீதம்தான் இருக்கும். அதனால அலசின வண்டிக்கு தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கி முதல்ல ரெண்டேகால் லிட்டர் அதை ஊத்திட்டு, மிச்ச இடத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக்கு விக்கிற தண்ணி போதும், கேன் தண்ணி வேண்டாம்.

ஊத்தினதும் மூடியைத் திறந்தே வெச்சு இன்ஜினை ஓடவிடுங்க. ஏசி குமிழை முழு ஹாட்டுக்குத் திருப்புங்க. ஹீட்டர் குழாய்ல மாட்டியிருக்கிற காத்து அப்பத்தான் வெளிய வரும். ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் லெவல் இறங்க இறங்க ஊத்திக்கிட்டே இருங்க. இதை விட்டுட்டா ஏர் லாக் ஆகி மறுநாளே வண்டி சூடாகும், “புது கூலண்ட் சரியில்ல”ன்னு பழி அது மேல விழும்.

ரேடியேட்டர் கடை, ஈரோடு

மதுரை அண்ணன் சொன்னதோட கலர் விஷயத்தையும் சேர்த்துக்கோங்க. பச்சை, சிவப்பு, நீலம், பிங்க் எல்லாம் கம்பெனி போடுற சாயம்தான், அதுக்குன்னு பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியோட பச்சையும் இன்னொரு கம்பெனியோட பச்சையும் வேற வேற மருந்தா இருக்கலாம். பழைய சிலிகேட் வகையையும் ஆர்கானிக் ஆசிட் வகையையும் கலந்தா துருத்தடுப்பு கெடும், சில நேரம் கூழ் மாதிரி திரிஞ்சு குழாயை அடைக்கும். டப்பா மேல இருக்கிற நிறத்தைப் பார்த்து வாங்காம, ஓனர் மேனுவல்ல போட்டிருக்கிற வகையைப் பார்த்து வாங்குங்க. பழைய வகை ரெண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். ஆர்கானிக் வகை பொதுவா அஞ்சு வருஷம் தாங்கும்.

இன்னொரு கொடுமை, தெர்மோஸ்டாட்டை (சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) கழட்டி எறியறது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்”னு ஒரு பேச்சு. அந்த வால்வு 82 – 88 டிகிரி வாக்குல திறக்கும். அதை எடுத்துட்டா ஹைவேயில இன்ஜின் வேலை செய்யற சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் “இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கு”ன்னு நினைச்சு பெட்ரோலைக் கூடுதலா விடும். மைலேஜ் இறங்கும், ஆயில்ல ஈரம் தங்கி சேறாகும், ஸ்கேனர் போட்டா இன்ஜின் சரியா சூடாகலன்னு சொல்ற பி0128 கோடு காட்டும். சில இன்ஜின்கள்ல பைபாஸ் வழி திறந்தே கிடக்கும். பாதி கூலண்ட் ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்துறதால டிராஃபிக்ல சூடு இன்னும் ஏறும்! கழட்டச் சொன்னவரே அப்ப ரேடியேட்டரை மாத்தச் சொல்வார்.

ஒழுகல் தேடறவங்களுக்கு: வாட்டர் பம்ப் அடியில ஒரு சின்னத் துளை இருக்கும். அதைச் சுத்தி காய்ஞ்ச கறை இருந்தா சீல் போயிடுச்சு. அலுமினிய ரேடியேட்டர்ல பிளாஸ்டிக் தொட்டி சேர்ற மடிப்பு விளிம்பையும் விரலால தடவிப் பாருங்க. முன் பக்கம் மிதியடி ஈரமா இருந்து, கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் மாதிரி புகை படிஞ்சா ஹீட்டர் கோர் (கேபினைச் சூடாக்குற குட்டி ரேடியேட்டர்) ஒழுகுது. வண்டிக்கு அடியில சொட்டுறது நிறமில்லாத வெறும் தண்ணின்னா பயப்படாதீங்க, அது ஏசி தண்ணி. கூலண்ட் விரல்ல வழவழன்னு இருக்கும், இனிப்பு வாடை வரும். அந்த இனிப்புக்காகவே தெரு நாயும் பூனையும் நக்கும், நக்கினா சிறுநீரகம் போய் செத்துடும். வடிச்ச பழைய கூலண்டை வாசல்ல ஊத்தாதீங்க.

கார் ஓனர், திருச்சி

என் வண்டியில டெம்ப்ரேச்சர் முள்ளே இல்ல, நீல லைட்டும் சிவப்பு லைட்டும்தான். சிவப்பு வந்தா என்ன செய்யணும்?

பட்டறை, மதுரை

ஏசியை நிறுத்திட்டு ஓரம் கட்டுங்க சார். முன்னாடி ஃபேன் ஓடுதான்னு பாருங்க. ஃபேன் ஓடி, ஆவியும் வரலன்னா ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு ஹீட்டரை முழுசா போடுங்க, சூடு கொஞ்சம் இறங்கும். ஃபேன் ஓடலன்னாலோ ஆவி வந்தாலோ உடனே ஆஃப். மூடியைத் தொடாதீங்க. குறைஞ்சது அரை மணி நேரம், மேல் ஹோஸைக் கையால அழுத்தினா மெத்துன்னு இருக்கிற வரைக்கும் காத்திருங்க. கொதிக்கிற இன்ஜின்ல குளிர்ந்த தண்ணி ஊத்தினா, சிலிண்டருக்கு மேல இருக்கிற ஹெட் வளையும்.

முள் இருக்கிற வண்டிக்காரங்களும் ஒண்ணைக் கவனிங்க. சிவப்பு வரைக்கும் ஏறின முள் திடீர்னு கீழ விழுந்தா வண்டி ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கூலண்ட் காலியாகி சென்சார் வெறும் ஆவியில நிக்குது. ஃபேனுக்கு உத்தரவு கொடுக்கிறதும் அதே சென்சார்தான்ங்கிறதால ஃபேனும் நின்னுடும். அந்த நேரத்துல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினாலே ஹெட் கேஸ்கெட் போயிடும்.

கண்ணாடி வேலை, சென்னை

வைப்பருக்கு வர்றேன். நம்ம ஊர்ல பிளேடு தேயறதைவிட காயறதுதான் அதிகம். எட்டு மாசம் வெயில்ல நின்னு ரப்பர் இறுகிப்போயிருக்கும், முதல் மழையில்தான் தெரியும். செப்டம்பர் கடைசியில மாத்துறது புத்திசாலித்தனம். ரெண்டு பக்கமும் ஒரே நீளம்னு வாங்கிடாதீங்க, டிரைவர் பக்கம் பெரும்பாலும் நீளம் அதிகம். கொக்கி மாடலும் பொருந்தணும்.

மழையில கண்ணாடி மேல விழுற தடத்தைப் பார்த்தாலே கோளாறு புரிஞ்சிடும். மெல்லிசா ஒரே ஒரு கோடு விட்டுப்போனா ரப்பர்ல வெட்டு, இல்லன்னா மண் துணுக்கு. ஈரத்துணியால ரப்பர் விளிம்பைத் துடைச்சாலே சில நேரம் சரியாகிடும். நடுவுல பட்டையா துடைக்காம விட்டா பிரேம் வளைஞ்சிருக்கு, அல்லது வைப்பர் கையோட ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. கண்ணாடி முழுக்க மங்கலா பூசினாப்ல இருந்தா பிளேடு மேல தப்பில்ல, கண்ணாடியில டீசல் புகையும் மெழுகும் படிஞ்சிருக்கு. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு, நல்லா தேய்ச்சு, நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க.

ஒரு பக்கம் போகும்போது வழுவழுன்னு போய், திரும்பும்போது மட்டும் தடதடன்னு குதிக்குதா? புது பிளேடு போட்டும் குதிக்கிற வண்டிகள் இந்த ரகம்தான். வைப்பரைப் பாதி வழியில நிறுத்தி ஓரமா நின்னு பாருங்க. ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தா நிக்கணும். கை முறுக்கிக்கிட்டு இருந்தா ரப்பர் ஒரு பக்கமே சாய்ஞ்சு கிடக்கும், திரும்பும்போது மடங்க முடியாம எகிறும். துணி சுத்தின ஸ்பேனரால கையை மெல்ல, ரொம்ப மெல்ல, முறுக்கிச் சரி பண்ணலாம்.

பிளேடு கழட்டும்போது கண்ணாடி மேல மடிச்ச துண்டு போடுங்க. பிளேடு இல்லாத வெறும் இரும்புக் கை டப்புன்னு விழுந்தா கண்ணாடி விரியும். ஒரு பிளேடு விலையில ஆரம்பிச்ச வேலை முன் கண்ணாடி விலையில முடியும்.

காய்ஞ்ச தூசி மேல வைப்பர் போடாதீங்க, மணல் கீறல் சாதாரண பாலிஷ்ல போகாது. வாஷர் டேங்குல போர் தண்ணி விட்டா நாசில் உப்படைச்சிடும், மெல்லிய ஊசியால குத்தித் திறக்கணும்.

பட்டறை, மதுரை

வேப்பமரம், புங்கமரத்துக்கு அடியில நிறுத்துறவங்க வைப்பருக்குக் கீழ இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டோட ரெண்டு ஓரத்தையும் மழைக்கு முன்னாடி பாருங்க. அங்க தண்ணி இறங்குற வழி இருக்கு. சருகு அடைச்சுக்கிட்டா தண்ணி ஏசி புளோயர் வழியா காலடிக்கு வரும். கதவு ரப்பரை மாத்தி மாத்தி ஓஞ்சுபோன வண்டிகளுக்கு மருந்து ஒரு கைப்பிடி சருகை அள்ளி வெளிய போடுறதுதான்.

டயர் கடை, கோவை

டயர் வாங்கும்போது 185/65 ஆர்15 என்ற அளவு வரைக்கும் எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் “88எச்” முக்கியம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. மலிவாகக் கிடைக்கிறது என்று 82 போட்டால் தாங்கும் எடை 475 கிலோதான். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஓடாத வண்டியாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன டயரில் பக்கச்சுவரில் முடி போன்ற மெல்லிய வெடிப்பைத் தேடுங்கள்.

தேய்மானத்துக்குச் சட்ட எல்லை 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் அந்த உயரத்தில் சின்ன ரப்பர் மேடு வைத்தே டயர் வரும். அது தரையைத் தொட்டுவிட்டால் மொட்டை டயர்தான். என்னைக் கேட்டால் மழைக்கு அந்த எல்லை போதாது. 3 மி.மீ.க்குக் கீழே வந்தாலே தண்ணீரை வெளியே தள்ளும் சக்தி நன்றாகக் குறைந்துவிடும்.

காற்று: டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவுதான் சரி. டயரில் அச்சிட்ட 44, 51 எல்லாம் உச்ச வரம்பு. காலையில், வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். ஓடிய டயர் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குவதுதான் பெரிய தவறு. மே மாத வெயிலில் ஹைவேயில் வெடிக்கும் டயர்களில் பல, காற்று குறைந்து ஓடியவை. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரியும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் நூல் அடுக்கு ரப்பரை விட்டுப் பிரியும். நைட்ரஜன் போட்டால் வெடிக்காது என்று விற்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இரண்டு முறை அளப்பவருக்கு அது தேவையில்லை, அளக்காதவரை அது காப்பாற்றாது.

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட். கையை உள்ளிருந்து வெளியே தடவும்போது வழுக்கி, திருப்பித் தடவும்போது குத்தினால் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தவறு. திட்டுத் திட்டாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். பக்கச்சுவரில் கொழுக்கட்டை போலப் புடைத்திருந்தால் நூல் அறுந்துவிட்டது. பஞ்சர் போட வராது, அந்த டயரை ஹைவேக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கார் ஓனர், திருச்சி

ரெண்டு டயர் மட்டும் வாங்க பட்ஜெட். இன்ஜின் முன்னாடிதானே இழுக்குது, முன்னாடி போட்டுடலாமா?

டயர் கடை, கோவை

வேண்டாம். முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் புதியது இரண்டும் பின்னால். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராக ஓடும். ஆக்சிலரேட்டரை விட்டால் திரும்பக் கைக்குள் வரும். பின் டயர் விட்டால் வண்டி சுழலும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. இரண்டு டயர் மட்டும் முன்னதாகத் தேயும் நிலை வராமல் இருக்க 8,000 – 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை மாற்றிப் போடுங்கள்: முன்னவை நேராகப் பின்னே, பின்னவை குறுக்காக முன்னே. அம்புக்குறி உள்ள டயரை மட்டும் பக்கம் மாற்றக் கூடாது. புது டயருக்கு டியூப்லெஸ் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் கடை, ஈரோடு

வீல் நட்டை ஏர் கன் வெச்சு டர்ர்னு இறுக்குறதைப் பத்தியும் சொல்லுங்க. வழியில பஞ்சர்னா பொம்பளைங்க, வயசானவங்க மட்டுமில்ல, யாராலயும் கழட்ட முடியாது.

டயர் கடை, கோவை

சரியான கேள்வி. நம் ஊர் சின்ன கார்களுக்கு நட்டு இறுக்கும் அளவு பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள்தான், மேனுவலில் இருக்கும். கன்னில் அதைத் தாண்டினால் ஸ்டட் இழுபடும், டிஸ்க் நெளிந்து பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் ஆடும். கையால் சுழற்றி ஏற்றி, எதிரெதிர் நட்டாக, டார்க் ரென்ச்சில் முடிக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள்.

ஸ்டெப்னி மறந்துபோகிறது. டிக்கியில் ஒல்லியான தற்காலிகச் சக்கரம் இருந்தால் அதற்கு 60 பிஎஸ்ஐ, வேக எல்லை 80. முன் சக்கர வண்டியில் முன் டயர் பஞ்சரானால் ஒல்லிச் சக்கரத்தைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த முழு அளவு டயரை முன்னால் கொண்டுவாருங்கள். ஜாக்கி இரண்டு தடவை ஏற்ற வேண்டும்தான்.