சிரிக்க வைத்தவருக்கும் கலாசாரப் பதக்கம் கொடுக்கலாமா?

தேக்காவாசி:
விவேக்குக்கு 2009 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே ஜனவரி 31ஆம் தேதி நாகேஷ் எந்தப் பத்ம விருதும் வாங்காமலேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை. நம்ம சிங்கப்பூரிலும் இப்படி ஆகிவிடக் கூடாது. வசந்தம் தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்காக நம்மைச் சிரிக்க வைத்தவர்களுக்கு அந்த ஒளிவழியின் ‘பிரதான விழா’ விருதோடு முடித்துக்கொள்ளாமல், அரசாங்கம் கலைஞர்களுக்கான உயரிய விருதான கலாசாரப் பதக்கமும் கொடுக்க வேண்டும்.

ஈசூன் மாறன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. 1979லிருந்து அந்தப் பதக்கம் இலக்கியம், நடனம், இசை, நாடகம் என்று வாழ்நாளையே கொடுத்தவர்களுக்குப் போகிறது, கூடவே கலைப் பணிக்கு 80,000 வெள்ளி வரை நிதியும் உண்டு. டிவியில் வருகிறவரை ஊரே அறியும். மிருதங்கக்காரரை யாருக்குத் தெரியும்?

தேக்காவாசி:
தெருவில் அடையாளம் தெரிந்தால் போதுமா? தமிழ் நிகழ்ச்சிகளில் நடிக்கும் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். இயக்குநர் ஜேக் நியோவுக்கு 2005ல் கொடுத்தார்களே, டிவியில் பாட்டி வேடம் கட்டித்தானே அவர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்?

ஈசூன் மாறன்:
கொடுத்தது திரைப்படத்துக்கு. பாட்டி வேடத்துக்கு இல்லை.

பழைய நேயர்:
தம்பி மாறன், பி. கிருஷ்ணன் ஐயாவுக்கு 2008ல் இலக்கியத்துக்காகக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் தலைமுறைக்கு அவர் என்றால் வானொலியில் வந்த ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’தான். நகைச்சுவையை எழுதியவருக்கு மரியாதை கிடைத்தது, ரொம்பச் சரி. அதற்குக் குரல் கொடுத்து நடித்தவர்கள் எந்தப் பிரிவில் வருவார்கள், சொல்லுங்கள்.

ஈசூன் மாறன்:
நியாயமான கேள்விதான் அக்கா. ஆனால் என் பயம் வேறு. 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங், டிவி நகைச்சுவைத் தொடரில் குர்மித் சிங் நடித்த புவா சூ காங் பாத்திரத்தின் சிங்லிஷை, அதாவது நம்ம ஊர்ப் பேச்சு ஆங்கிலத்தை, குறை சொன்னார், அந்தப் பாத்திரத்தை ஆங்கில வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். பதக்கமும் அங்கிருந்துதான் வரும் என்றால், எழுதும்போதே கை தயங்காதா? நகைச்சுவைக்காரர் அரசாங்கத்திடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பதுதான் நமக்கு நல்லது.

தேக்காவாசி:
அதே புவா சூ காங்கைத்தானே 2003ல் சார்ஸ் தொற்றுநோய் வந்தபோது கூப்பிட்டார்கள்? கை கழுவுங்கள், வீட்டில் இருங்கள் என்று அவர் ராப் பாடினால்தான் சனங்கள் காது கொடுப்பார்கள் என்று தெரிந்திருந்தது. ஆபத்துக்கு வேண்டியவர், விருது என்றால் மட்டும் தள்ளி நிற்க வேண்டுமா?

பழைய நேயர்:
தள்ளி நிற்கட்டும், அது அவர் விருப்பம். கொடுத்தபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது அவருக்கு இருக்கட்டுமே.

ஈசூன் மாறன்:
அப்படியென்றால் தனிப் பிரிவு கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். நாடகப் பிரிவில் நுழைப்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.