கைபேசியில் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் வைக்கலாமா?

கேள்வி (களக்காடு):
எங்கள் வாழைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு, சிம் அட்டை போட்டுக் கைபேசியால் இயக்கும் ஸ்டார்ட்டரை வைக்கலாம் என்று தம்பி வற்புறுத்துகிறான். மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது அப்பா டார்ச் விளக்கோடு வரப்பில் நடப்பது நின்றுவிடும். ஆனாலும் கண்ணெதிரே இல்லாத இயந்திரத்தை ஓடவிடத் தயக்கமாக இருக்கிறது.

பதில் (அம்பாசமுத்திரம்):
தாராளமாக வையுங்கள் அண்ணாச்சி. கிணறு வற்றினாலோ, மும்முனையில் ஒன்று போனாலோ தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதாக வாங்குங்கள். இல்லையென்றால் மோட்டார் கருகிவிடும்.

பதில் (சேரன்மகாதேவி):
நான் மோட்டார் பழுது பார்ப்பவன். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று (coil) கருகினால் திரும்பச் சுற்றிக்கொள்ளலாம். என் கவலை ஆளைப் பற்றியது. கிணற்றடியில் ஒருவர் மூடியைக் கழற்றி ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, அது தெரியாமல் வீட்டிலிருந்து இன்னொருவர் மோட்டாரைப் போட்டுவிட முடியும். ஸ்டார்ட்டர் ‘ஆட்டோ’ என்னும் தானியங்கி நிலையில் இருந்தாலோ, யாரும் போடாமலே, மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கும். ஆகவே கைபேசியில் நிறுத்தியதை நம்பி எவரும் கைவைக்கக் கூடாது. மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இயக்கும் உரிமையுள்ள எண்களையும் வீட்டில் இரண்டு பேரோடு நிறுத்துங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்பாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி, அதில் இயங்குமா?

பதில் (சேரன்மகாதேவி):
அழைப்பிலோ குறுஞ்செய்தியிலோ இயங்கும் வகைகள் உண்டு. அவற்றுக்கு இணையம் தேவையில்லை. முதலில் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். மலையடிவாரத்தில் அதுதான் சிக்கல். ஸ்டார்ட்டரில் உள்ள சிம்முக்கும் ரீசார்ஜ் செய்ய மறந்துவிடாதீர்கள்.