ப்ளோயர் கப்ளர் உருகிய அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு சித்திரை மாத மதியத்தில், காரின் ஏசி காற்று திடீரென நின்று, வேகத்தடையில் வண்டி குலுங்கியதும் தானாகவே மீண்டும் வந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே பிளாஸ்டிக் கருகும் வாடை இலேசாக வந்துகொண்டிருந்தது; சாலையோர ஆலை ஏதோ ஒன்றின் புகை என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். பணிமனையில், ஏசி காற்றை வீசும் விசிறியான ப்ளோயரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை மாற்றித் தந்தார்கள். மூன்றே மாதங்களில் அதே வாடை மீண்டும் வந்தது. இம்முறை கையுறைப் பெட்டியை நானே கழற்றிப் பார்த்தபோது, புதிய ரெசிஸ்டரின் மேல், வயர்களை அதனுடன் இணைக்கும் பழைய பிளாஸ்டிக் கப்ளரையே மாட்டியிருந்ததும், அதன் ஒரு மூலை உருகிப் பழுப்பேறியிருந்ததும், அங்கிருந்து இரண்டு அங்குலத்துக்கு வயரின் உறை விறைத்துப்போயிருந்ததும் தெரிந்தன. ஃபியூஸ் மட்டும் சிறு பழுதும் இல்லாமல் இருந்தது. இவ்வளவு சூடேறியும் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதே என் கேள்வி.

*

மதுரையில் ஆட்டோ எலக்ட்ரிசியனாக இருக்கிறேன், ஐயா. ஃபியூஸுக்கு மின்னோட்டத்தின் அளவு மட்டுமே தெரியும். இணைப்பில் ஏறும் சூடு அதற்குத் தெரியாது. கப்ளருக்குள் இருக்கும் பித்தளை லக் (வயர் முனையிலுள்ள உலோகக் கவ்வி) தளர்ந்தோ களிம்பேறியோ 0.05 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 20 வாட் வெப்பம் பிறக்கும். ஈயம் வைக்கும் சிறிய சால்டரிங் கோலே 25 வாட்தான். 30 ஆம்பியர் ஃபியூஸோ இதை வழக்கமான ஓட்டமாகவே எண்ணிக்கொண்டிருக்கும். ஒருமுறை நன்றாகச் சூடேறிய லக் தன் பிடிப்பை இழந்துவிடுவதால், அதைப் புதிய ரெசிஸ்டரில் மாட்டினால் புதிய பின்னையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஆகவே கப்ளரை, வயர் உறை விறைக்காமல் நன்றாக வளையும் இடம் வரை வெட்டிவிட்டு, அதே தடிமனுள்ள வயரோடு மாற்ற வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே உதவாது. முறையாக கிரிம்ப் செய்து (உலோக இணைப்பை வயரோடு அழுத்தி நசுக்கிப் பொருத்தி), சூட்டில் சுருங்கும் உறையைப் போடுங்கள்.

மோட்டாரையும் பாருங்கள். தண்டைத் தாங்கும் புஷ் வறண்டு இறுகச் சுற்றும் மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். கேபின் ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்குச் சுமை கூடும் என்று எங்கள் தொழிலிலேயே பலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றோட்டம் குறைந்தால் இவ்வகை விசிறியின் சுமை குறையவே செய்யும். ஆனால் ரெசிஸ்டர் குளிர்வது அந்தக் காற்றால்தான் என்பதால், அடைப்பு அதைச் சுட்டுவிடும்.

*

நான் வசிக்கும் அமெரிக்காவில் இது பெரிய அளவிலேயே பேசப்பட்ட குறைபாடு. ப்ளோயருக்குச் செல்லும் வயரும் இணைப்பிகளும் மிகையாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதற்காக, 2006 முதல் 2011 வரையிலான 3 சீரிஸ் கார்களில் ஏறத்தாழ 6.7 லட்சத்தை 2017 நவம்பரில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் திரும்ப அழைத்தது. வாடை வந்தால் ப்ளோயரை உடனே அணைத்துவிடுங்கள் என்பதையே இங்குள்ள நண்பர்களிடம் முதலில் சொல்கிறேன்.

*

மதுரை நண்பருக்கு நன்றி. கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்ததில் என் மோட்டார் முழு வேகத்தில் 24 ஆம்பியர் இழுத்தது. மாற்றிய மோட்டார் 16 ஆம்பியரில் நிற்கிறது. புதிய கப்ளரின் இரு பக்கமும் மல்டிமீட்டரை வைத்தால் 0.04 வோல்ட்தான் இழப்பு. அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்; கை பொறுக்கும் வெதுவெதுப்புதான் இருந்தது. கழற்றிய பழைய கப்ளரைப் பணிமனைக்கே எடுத்துச் சென்று காட்டினேன்.