முதல் வரிசை சீட் அகலம் குறைவா? காசு கட்டுகிறவன் ஏமாளியா?

ஓமலூர் நெட்டையன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், விமானத்தில் கூடுதல் காசு கட்டி முதல் வரிசை வாங்குகிறவன் ஏமாளி, அந்த சீட் மற்ற சீட்டைவிட அகலம் குறைவு என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் ஆறடி இரண்டங்குலம். மலிவு விமானங்களில் வரிசைக்கு வரிசை இடைவெளி 28, 29 அங்குலம்தான் விடுகிறார்கள். முன்னால் இருப்பவர் சீட்டைச் சாய்த்ததும் என் முட்டி நசுங்கும், காலை நடைபாதைப் பக்கம் திருப்பி வைத்தால் சாப்பாட்டு வண்டி வந்து இடிக்கும், சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு போய்விடும். என் காலுக்கு நான் காசு கட்டுகிறேன். இதில் அகலம் எங்கே குறைந்தது? ஒரே விமானம், ஒரே சீட்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாம். முதல் வரிசைக்கு முன்னால் சீட் கிடையாது. அப்புறம் சாப்பாட்டு ட்ரேயை எங்கே மாட்டுவார்கள்? கைப்பிடிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். கைப்பிடி தடித்தால் உட்காரும் இடம் குறையும். அந்தக் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. என்னைப் போல உடம்பு கொஞ்சம் பெரிதாக இருப்பவனுக்கு அந்த ஒரு அங்குலம் உயிர். அதிகக் காசு கொடுத்துக் குறைந்த அகலத்தில் உட்காருவதை வேறு என்னவென்று சொல்வது?

ஓமலூர் நெட்டையன்: குறையாதுங்க. இஞ்ச் டேப் வைத்து நானே அளந்திருக்கிறேன். முதல் வரிசையிலும் பதினேழரை, பின்னாலும் பதினேழரை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: மெத்தையை அளந்தீர்களா, கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் அளந்தீர்களா?

ஓமலூர் நெட்டையன்: சீட்டை அளந்தேன்.

ஏற்காடு காப்பித்தோட்டம்: கூடுதல் காசு வாங்கும் சீட் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைக்கு முன்னால் பெரும்பாலும் இன்னொரு சீட் உண்டு, ட்ரே அதன் முதுகிலேயே இருக்கும், அங்கே அகலம் குறையக் காரணமில்லை. முதல் வரிசை கதை வேறு. அப்புறம் அந்த 28, 29 அங்குலம் கால் வைக்கும் இடம் இல்லை. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம், சீட் முதுகின் தடிமனும் அதற்குள் அடக்கம். மெல்லிய முதுகு வைத்த புதிய சீட்டில் அதே 29 அங்குலத்தில் முட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

ஓமலூர் நெட்டையன்: பாடம் எடுக்க வேண்டாம் சார். அகலம் குறையாது என்றேன், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி அக்கா: உங்கள் ஒரு அங்குலம் இருக்கட்டும். குழந்தையோடு போகிறவர்களை யாராவது நினைத்தீர்களா? டிக்கெட் போடும்போது சீட்டுக்குக் காசு கட்டாவிட்டால் அம்மா ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலை. 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொல்ல வேண்டி வந்தது. சொல்லாமலே செய்ய வேண்டிய காரியம் அது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: அக்கா சொல்வது நியாயம். காசு பிடுங்குகிறார்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். 2018ல் அமெரிக்காவில் சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொல்லிச் சட்டமே போட்டார்கள். 2022ல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000க்கு மேல் வந்து குவிந்தது. அத்தனை பேருக்கும் நெட்டையன் மாதிரி காசு கட்டத் தெரியாமலா போனது? நெருக்கிவிட்டு, நெருக்கத்திலிருந்து தப்பிக்கக் காசு கேட்கிறான், நீங்களும் பெருமையாகக் கொடுக்கிறீர்கள்.

ஓமலூர் நெட்டையன்: பெருமைக்குக் கட்டவில்லை, வலிக்குக் கட்டுகிறேன். உங்கள் உடம்பு பெரிது என்றால் அகலம் வேண்டும் என்கிறீர்கள், என் கால் நீளம் என்றால் ஏமாளி என்கிறீர்கள். இது என்ன நியாயம்? அகலம் வேண்டுமென்றால் விமானத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஏர்பஸ் 320 உள்ளே 3.70 மீட்டர் அகலம், போயிங் 737 உள்ளே 3.54 மீட்டர். இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர். இதைப் பார்க்காமல் முதல் வரிசையைக் குறை சொல்லாதீர்கள். அங்கே அகலம் குறையாது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: ட்ரே எங்கே இருக்கிறது? அதற்கு மட்டும் பதில் வராது.

ஓமலூர் நெட்டையன்: கைப்பிடியில்தான் இருக்கிறது. இருந்தால் என்ன? நான் அளந்தது அளந்ததுதான்.

கமலாபுரத்தான்: நம் சேலத்துக்கு வரும் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடு சீட் என்ற தொல்லையே கிடையாது. ஏறுவது பின் கதவு வழியாக, அதனால் பின்னால் உட்கார்ந்தால் முதலில் இறங்கலாம். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலோரம் இருந்தால் சக்கரம் கீழே இறங்குவதைக்கூடப் பார்க்கலாம். சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு எதற்குக் கூடுதல் காசு?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: கமலாபுரத்தான் சேலம் விமான நிலைய ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று போன மாதம் குதித்தவர்தானே? பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டிக்காரர்கள் நிலம் கொடுக்க மாட்டோம் என்று நின்றதை மறந்துவிட்டாரா?

கமலாபுரத்தான்: எங்கள் ஊர்ப் பிரச்சினை எங்களுக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் நிலத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

ஏற்காடு காப்பித்தோட்டம்: நிலத்தை விடுங்கள். எக்ஸிட் வரிசைக்குக் காசு கட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே உட்காருகிறவர் அவசரத்தில் கதவைத் திறந்து உதவ வேண்டும், அதனால்தான் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உட்கார விடுவதில்லை. இரண்டு எக்ஸிட் வரிசை அடுத்தடுத்து இருந்தால் முன்னது பெரும்பாலும் சாயாது. காசு கட்டிவிட்டு அங்கே போய்ச் சண்டை போடக் கூடாது.

ஓமலூர் நெட்டையன்: நீங்கள் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறிப் பழகியவர், உங்களுக்கு எந்த சீட்டும் சொர்க்கம்தான்.

ஏற்காடு காப்பித்தோட்டம்: மலைக்காரனை மட்டம் தட்டினால் உங்கள் அளவு சரியாகிவிடுமா? கைப்பிடிக்கு நடுவில் அளந்தீர்களா என்று அவர் கேட்டு எவ்வளவு நேரமாகிறது.

ஓமலூர் நெட்டையன்: மட்டம் தட்டவில்லை. நீங்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டீர்கள், மாம்பழ விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். எத்தனை பேர் சேர்ந்து வந்தாலும் சொல்வேன், அகலம் பதினேழரை.

அஸ்தம்பட்டி அக்கா: மாம்பழத்தை ஏன் இழுக்கிறீர்கள்? பிள்ளைகள் சீட்டைப் பற்றி நான் எழுதினேன், அதற்கு உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: வராதுங்க அக்கா. அவருக்குக் கால் மட்டும்தான் கண்ணில் தெரியும். அடுத்த தடவை போகும்போது கைப்பிடிக்கு நடுவில் டேப்பை வைத்து ஃபோட்டோ போடச் சொல்லுங்கள்.

ஓமலூர் நெட்டையன்: ஃபோட்டோ போட்டாலும் டேப் சரியில்லை என்பீர்கள். முதலில் ஏமாளி என்று எழுதியதை அழியுங்கள், பிறகு பேசலாம்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: அழிக்க மாட்டேன்.