துடிப்பா, அலைவா? வெண்குறுமீனுக்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம்.

உங்கள் வானியல் கலைச்சொல் பட்டியலில், ஒளி சீராகக் கூடிக் குறையும் வெண்குறுமீனுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் எச்சம்) இட்டிருக்கும் 'துடிக்கும் வெண்குறுமீன்' எனக்கு இரண்டு இடத்தில் இடறுகிறது. பல்சாரைத் துடிப்பு விண்மீன் என்றே எழுதிப் பழகிவிட்டோம். (அது சுழலும் நியூட்ரான் விண்மீன், துடிப்பதே இல்லை, பெயர் நிலைத்துவிட்டது, என்ன செய்ய!) அடுத்து, துடிப்பு என்றதும் நெஞ்சுபோல விரிந்து சுருங்குவதுதான் மனத்தில் வரும். இத்தகைய வெண்குறுமீன்களில் ஒன்றான இசட்.இசட். செட்டி வகையில் ஆரம் மாறுவது மிகச் சொற்பம். பொருள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்கிறது. மேற்பரப்பின் வெப்பநிலை திட்டுத்திட்டாக ஏறி இறங்குவதால்தான் ஒளி கூடிக் குறைகிறது. பாடநூலில் ஊசலுக்கு 'அலைவு', 'அலைவுக் காலம்' இருக்கின்றனவே. 'அலைவுறு வெண்குறுமீன்' எனலாம்.

உள்ளே நடப்பதை 'ஈர்ப்பலை' என்று எழுதியிருப்பதும் வேண்டாம். 2015இல் லைகோ ஆய்வகம் பிடித்த, காலவெளியில் எழும் அதிர்வுதான் ஈர்ப்பலை. இங்கே இடம்பெயர்ந்த பொருளை மீட்பது மிதப்பு விசை. ஆகவே 'மிதப்பு அலைவு'.

~

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் ஏற்றுப் பட்டியலில் மாற்றிவிட்டேன். இன்னொரு சிக்கல்: வானில் இடம் குறிக்கும் அச்சுச் சட்டகத்துக்கான 'குறிப்பாயம்' ஒரே சொல்லாக இரண்டு வேலை பார்க்கிறது. ஆதிப்புள்ளி எது, அச்சுகள் எப்பக்கம் என்ற வரையறை ஒன்று. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தில் 1998 முதல் நடப்பது. அந்த வரையறையை வானில் ஊன்றிக் காட்டும் இடப்பட்டியல் மற்றொன்று. 2019 முதல் வழங்கும் மூன்றாம் பதிப்பில் 4536 ரேடியோ மூலங்கள். முன்னதைக் 'குறிப்பாய முறைமை' என்றும் பின்னதைக் 'குறிப்பாயம்' என்றும் பிரிப்போம். புதுப் பதிப்பு வந்தாலும் முறைமை அப்படியே இருக்கும்.

ஆயத்தொலைவு (வானில் மீனின் இடத்தைக் குறிக்கும் எண்கள்) எந்தக் குறிப்பாயத்தை, எந்த ஆண்டைச் சார்ந்தது என்று எழுதாமல் விட்டால் அலைவுறு மீன்களில் நேரடியாக அடி விழும். ஜி117-பி15ஏ என்ற அலைவுறு வெண்குறுமீனின் முதன்மை அலைவுக் காலம் 215 வினாடி. புவியின் சுற்றால் ஒளி வந்துசேரும் நேரம் 499 வினாடிவரை முன்பின் ஆகலாம். அதைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்த, மீனின் இடம் வேண்டும். 1950க்குரிய ஆயத்தொலைவை 2000க்குரியதென்று இட்டுவிட்டால், அயனச் சலனத்தால் (புவி அச்சின் திசை மெல்ல மாறுவதால்) 0.7 பாகை தவறும். நேரத்தில் 6 வினாடிவரை பிழை. அது ஆண்டுக்கொருமுறை ஏறி இறங்கி, மீனைக் கோள் ஒன்று சுற்றி முன்பின் இழுப்பதுபோலத் தோன்றி, இல்லாத கோளைக் காட்டும். சுற்றுக்காலம் சரியாக ஓராண்டு என்று வந்தால் முதலில் ஆயத்தொலைவைச் சோதிக்கவேண்டும்.

ஒன்று பாக்கி. '2000' என்பது அச்சுகளுக்குரிய ஆண்டா, மீன் அவ்விடத்தில் இருந்த ஆண்டா? கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டில் பின்னது 2016.0. மீனின் தன்னியக்கத்தை (வானில் அது மெல்ல இடம்பெயர்வதை) கூட்டாமல் அதை வேறு ஆண்டுக்குப் பயன்படுத்த முடியாது. பின்னதற்கு 'இருப்புக் காலம்' பொருந்துமா?