பேக்கப் வட்டு நிரம்பியபோது: இடம் மாற்றிய அனுபவங்கள் (நெல்லைப் பக்கத்து நால்வரின் உரையாடல்)

பாளை சர்வர்:

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு நிறுவனத்தின் விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடுபவை) கவனித்து வருகிறேன். பேக்கப் எடுப்பது வீம் மென்பொருள். சேமிப்பது ரீஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையில் அமைத்த ஒரு வால்யூமில், அதாவது வட்டுப் பகுதியில். இடம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியதும் முதலாளி புதிதாக ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்பு) பெட்டியை வாங்கிக் கொண்டுவந்துவிட்டார். "கோப்புகளை இதில் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது, இல்லையா?" என்றார்.

பழைய வால்யூமில் நிரம்பியிருந்த அளவைவிடப் பெட்டியின் கொள்ளளவு அதிகம்தான். ஆனாலும் போதாது. வாரந்தோறும் உருவாகும் செயற்கை முழு பேக்கப்கள் (ஏற்கெனவே உள்ள பேக்கப்களிலிருந்தே கோத்து உருவாக்குபவை) ரீஎஃப்எஸ்ஸில் தரவைத் திரும்ப எழுதுவதில்லை. வட்டில் ஏற்கெனவே இருக்கும் துண்டுகளையே சுட்டிக்கொண்டு நிற்கின்றன. சாதாரணமாக நகலெடுத்தால் அந்தச் சுட்டல் அறுந்து, ஒவ்வொன்றும் தனித்தனி முழுக் கோப்பாகப் புதிய வட்டில் போய் உட்காரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கோப்புகளின் அளவைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் வால்யூமில் அந்தக் கூட்டுத்தொகை வால்யூமின் மொத்தக் கொள்ளளவையே தாண்டி நின்றது.

2023இல் வந்த வீமின் 12ஆம் பதிப்பில் பேக்கப்பை ஒரு கிடங்கிலிருந்து (பேக்கப் சேமிக்கும் இடம்) இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதி இருக்கிறது. மிச்சப்படுத்திய இடத்தையும் சேர்த்தே கொண்டுபோகும்; ஆனால் போய்ச்சேரும் பக்கமும் துண்டுகளைப் பகிரும் அந்தத் திறமை உடையதாக இருக்க வேண்டும். அதனால் நாஸைக் கடைக்குத் திருப்பி அனுப்பினோம். ஓய்வில் கிடந்த சர்வர் ஒன்றில் புது வட்டுகளைப் பூட்டி, லினக்ஸ் நிறுவி, துண்டுகளைப் பகிரும் ரீஃப்லிங்க் வசதியோடு எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையை அமைத்தோம். முதலாளிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அந்தப் பெட்டி பார்க்க அழகாக இருந்ததாம்.

பழைய பதிப்பில் இருப்பவர்கள் முழு பேக்கப், அதைத் தொடரும் இன்கிரிமென்டல் கோப்புகள் (அன்றன்றைய மாற்றங்கள் மட்டும்), விபிஎம் கோப்பு (பேக்கப்பின் விவரப் பட்டியல்) மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோய், கிடங்கை ரீஸ்கேன் செய்து, ஜாபை (குறித்த நேரத்தில் ஓடும் பேக்கப் பணி) அதோடு இணைக்க வேண்டும். இடையில் ஓர் இன்கிரிமென்டல் விடுபட்டால் அதற்குப் பின்னால் வருகிற நாட்கள் எல்லாம் வீண்.

தச்சநல்லூர்:

அண்ணாச்சி சொன்னதற்கு எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்க்கிறேன். புராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருளில் விர்ச்சுவல் மெஷின் வட்டு 4 எம்பி துண்டுகளாக வெட்டப்பட்டு 65,536 கோப்புறைகளில் சிதறிக் கிடக்கும். கையால் தூக்க நினைப்பவர் கும்பிடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

பேட்டையில் ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த தம்பி மாலை முழுவதும் பழைய பேக்கப்களை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இடம் நகரவே இல்லை. அழித்தால் போவது பட்டியல் மட்டும்தான். யாருக்கும் தேவைப்படாத துண்டுகளை அள்ளுவது கார்பேஜ் கலெக்‌ஷன். அதுவும் கடைசி 24 மணி 5 நிமிடத்துக்குள் தொடப்பட்ட துண்டுகளை விட்டுவைக்கும். அங்கே இருந்ததோ இசட்எஃப்எஸ் கோப்பு முறை. அது எதையும் பழைய இடத்தின் மேலேயே எழுதாது, புது இடத்தில்தான் எழுதும். ஆகவே முற்றிலும் நிரம்பிவிட்டால் குப்பை அள்ளுவதற்கே இடம் கேட்கும். அதே பூலில் (வட்டுகளின் தொகுப்பு) யாரோ போட்டு வைத்திருந்த ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டு) கோப்புகளை நீக்கியதில்தான் மூச்சு வந்தது.

பிறகு புதிய டேட்டாஸ்டோர் (அங்கே கிடங்குக்குப் பெயர்) உருவாக்கி, இரு பக்கத்தையும் ஒத்திசைக்கும் சிங்க் ஜாப் மூலம் நகர்த்தி, பழுதில்லையா என்று சோதிக்கும் வெரிஃபை ஓட்டினோம். சிங்க் ஜாபில் 'ரிமூவ் வேனிஷ்டு' என்றொரு தெரிவு இருக்கிறது. அதைத் தொடாமல் விடுங்கள். இயக்கிவிட்டால், பழைய பக்கத்தில் அழிப்பது அடுத்த சிங்கில் புதிய பக்கத்திலும் அழிந்துவிடும். இன்னொன்று: இலக்கை மாற்றியபின் வரும் முதல் பேக்கப் வட்டு முழுவதையும் படித்துத்தான் முடிக்கும். அன்றிரவு நேரம் அதிகமானால் பதற வேண்டியதில்லை.

தாழையூத்து:

எனக்கு இந்த இடமாற்றமே பிடிப்பதில்லை. 1 ஜிகாபிட் கம்பியில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தாலும் 10 டெராபைட் நகர 25 மணி நேரம் ஆகும். அதுவரை இரவு ஜாபையும் நிறுத்திவைக்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டல்லவா நாள் குறிக்க வேண்டியிருக்கிறது!

நான் செய்வது வேறு. புதிய கிடங்கில் புது ஜாப், புது முழு பேக்கப். பழையதை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழித்துவிடுவேன். இரண்டு பெட்டிகளும் ஓடுவதால் மின்கட்டணம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

பாளை சர்வர்:

தணிக்கைக்காக ஏழெட்டு வருடத் தரவைக் காக்கச் சொல்லும் இடத்தில் அது செல்லாது, அண்ணாச்சி. பழைய வட்டுகளின் வயதையும் பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் நீங்கள் சொல்வதே நிம்மதி.

வண்ணார்பேட்டை:

எதில் வைப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது.

ஆற்றுக்கு அருகில் எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகம். சர்வர், புதிய பேக்கப் பெட்டி இரண்டும் தரைத்தளத்தில் ஒரே ரேக்கில் இருந்தன. இரண்டும் தண்ணீருக்குள் போயின. இடம் போதவில்லை என்று சில வாரங்களுக்கு முன் கழற்றி, மாடியில் பழைய பில் கட்டுகளோடு போட்டிருந்த வட்டுதான் மிஞ்சியது. அதிலிருந்தே எல்லாம் மீண்டது. இடைப்பட்ட வாரங்களின் கணக்கை பில்களைப் பார்த்துக் கையால் ஏற்றினார்கள். புதுப் பெட்டி வாங்கும் அன்றே பழையதை வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள் என்பேன், குறைந்தது மாடிக்காவது.

தச்சநல்லூர்:

பாளை அண்ணாச்சி, நகர்த்தியபின் பழைய வால்யூமை எப்போது துடைத்தீர்கள்?

பாளை சர்வர்:

இன்னும் துடைக்கவில்லை. புதிய இடத்திலிருந்து கணக்கு சர்வரை நெட்வொர்க்கில் சேர்க்காமல் தனியே எழுப்பி, கணக்கரையே உட்கார வைத்தோம். டேலி திறந்தது, சென்ற மாத வவுச்சர்களும் இருந்தன. கோப்புச் சர்வரை அதேபோல் இன்னும் எழுப்பிப் பார்க்கவில்லை. அது முடியட்டும். வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொன்னதைப் படித்தபின், துடைப்பதற்குப் பதிலாகப் பெருமாள்புரம் கிளைக்கு அனுப்பலாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.