ஃபயர்பாக்ஸுக்குத் தமிழ் என்ன? ‘தீப்பெட்டி’ என்று எழுத முடியவில்லை

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து, திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும்.

வீட்டுக்கு வெளியே வைத்து இறைச்சி சுடும் பழைய காஸ் கிரில்லைத் தூக்கிப் போடாமல் பழுது பார்ப்பது எப்படி என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை எங்கள் பகுதித் தமிழ் முதியவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். விக்டோரியா நாள் விடுமுறைக்கு முன் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வார இறுதியில்தான் இங்கே கொல்லைப்புறங்களில் கிரில்லின் மூடி முதன்முதலாகத் திறக்கும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

சிக்கல் முதல் தலைப்பிலேயே. ஃபயர்பாக்ஸ் துருப்பிடித்தால் என்ன செய்வது என்பதைச் சொல்ல வேண்டும். ‘தீப்பெட்டி’ என்று போட்டேன். அம்மா படித்துவிட்டு, “தீப்பெட்டி நமத்துப் போகும், துருப்பிடிக்குமா?” என்று கேட்டார். ‘நெருப்புப்பெட்டி’ என்று மாற்றினால் ஈழத்தவருக்கு அதுவும் அதே குச்சிப்பெட்டிதான்.

பொருளைப் பார்க்காதவர்களுக்காக: மூடியைத் திறந்தால் மேலே கம்பித்தட்டு. அதை எடுத்தால் கூரைபோல மடித்த தகடுகள். அவற்றின் கீழே பர்னர் குழாய்கள். இவை அத்தனையையும் தாங்கிக்கொண்டு, அடியில் கொழுப்பு வடிய ஒரு துளையோடு இருக்கும் கீழ்ப்பாதி உடல்தான் ஃபயர்பாக்ஸ். எங்கள் வீட்டுக் கிரில்லில் அந்தத் துளையைச் சுற்றித்தான் முதலில் பொரிந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் போல உடைகிறது.

சென்னையிலிருந்து, செவ்வாய் காலை

ஃபயர்பாக்ஸ் என்றே விட்டுவிடுங்கள். கடையில் போய் அந்தப் பெயரைத்தானே கேட்கப் போகிறார்கள்? பர்னர், சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் தமிழாகிவிட்டன. எத்தனையோ ஆண்டுகள் மென்பொருள் மொழிபெயர்ப்பு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புரியாத நல்ல தமிழை யாரும் சொடுக்குவதில்லை.

ஸ்காபரோவிலிருந்து, செவ்வாய்

அண்ணா, நீங்களே தமிழில் தேடிப் பாருங்கள். ‘பயர்பாக்ஸ்’ என்று தட்டினால் இணைய உலாவிதான் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபாக்ஸ்’ என்ற நரியும் ‘பாக்ஸ்’ என்ற பெட்டியும் நம் எழுத்தில் ஒன்றாகிவிட்டன.

சென்னையிலிருந்து, செவ்வாய்

உண்மை. இருபது வருடமாக அந்த உலாவியின் பெயரை எழுதியும் இது எனக்குத் தோன்றவில்லை. ‘ஃபாக்ஸ்’ என்று ஆய்தம் போட்டு வேறுபடுத்தலாம், ஆனால் படிக்கிறவர் அதைக் கவனிக்க மாட்டார். சரி, ‘சுடுகலன்’? வினைத்தொகை, வல்லினம் மிகாது, வாயிலும் எளிதாக வருகிறது.

கோவையிலிருந்து, செவ்வாய் மதியம்

சுடுகலன் ஏற்கெனவே துப்பாக்கிக்குப் போய்விட்டது. ‘துருப்பிடித்த சுடுகலனைச் சீர்செய்தல்’ என்று கனடாவில் கையேடு அச்சிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ‘எரிகலன்’ என்றால் பர்னர் என்று நினைப்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் மாலை

அன்புடையீர், வேரிலிருந்து தொடங்குவோம். ‘அடு’ என்றால் சமை. அடுப்பு, அடிசில், அட்டில், இன்று ரொட்டிக்கடைக்கு வழங்கும் அடுமனை, எல்லாம் அந்த ஒரு வேரில் கிளைத்தவை. ‘அடு’ என்பதற்குக் கொல் என்றும் பொருள் உண்டு. ‘அடுகளம்’ என்ற போர்க்களச் சொல்லையும் அடுக்களையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நெருப்பின் இரு முகமும் தெரியும்.

புறநானூறு 164. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்கிறார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. அந்த அடுப்பைக் ‘கோடுயர் அடுப்பு’ என்கிறார். பழைய உரை இதைப் புடை ஓங்கிய அடுப்பு என்று விளக்கும். பக்கச்சுவர் உயர்ந்த அடுப்பு! ஸ்காபரோ அம்மையார் கேட்கும் பாகம் இதுதானே? ஆறு மாதம் பனியில் கிடந்து துருப் பூத்த கிரில்லுக்கும் காளான் பூத்த அந்த அடுப்புக்கும் எவ்வளவு நெருக்கம்! ‘அடுகோடு’ என்று ஆக்குவோம். பழைமையும் உண்டு, காரணமும் உண்டு.

கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து, செவ்வாய் இரவு

தஞ்சாவூர் ஐயாவுக்கு வணக்கம். பாட்டு நெஞ்சைத் தொட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘கோடு’ என்றால் நீதிமன்றம். ‘கோட்டுக்குப் போனவர்’ என்றால் வழக்காடப் போனவர் என்று அர்த்தம்.

நான் பத்தொன்பது வருடமாக இந்தச் சாமான்களைத் திருத்துகிறேன். சொல் தெரிவதற்கு முன் பொருளைப் பிரித்துப் பாருங்கள். எல்லாப் பெட்டியும் இரும்பு அல்ல. நல்ல கிரில்களில் வார்ப்பு அலுமினியம். அதில் துரு வராது. உப்பும் கொழுப்பும் ஈரமும் தங்கினால் வெள்ளைப் பொடி பூத்து மெல்ல மெல்லக் குழி விழும். மலிவானவை எனாமல் பூசிய இரும்புத் தகடு. எனாமல் ஒரு இடத்தில் சில்லு விட்டால் போதும், அதன் கீழே கறள், அதுதான் இரும்பின் துரு, ஓடிக்கொண்டே போகும். ஆகவே கையேட்டில் ‘துரு’ என்று மட்டும் எழுதாதீர்கள். காந்தம் ஒட்டினால் கறள், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினிய அரிப்பு.

இன்னொன்று. தகட்டால் ஒட்டுப் போடும்போது துத்தநாகம் பூசிய தகரத்தை வைக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியஸில் உருகும், அதன் புகை ஆளைக் காய்ச்சலில் போடும். அலுமினிய ரிவிட்டும் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு, எஃகு ரிவிட் அல்லது நட்டும் போல்ட்டும். வெப்பம் தாங்கும் வண்ணம், 650 பாகை என்று டப்பாவில் எழுதியிருப்பது, வெளிப்புறத்துக்கு மட்டும். பர்னரைத் தாங்கும் விளிம்பே உதிர்ந்துவிட்டால் ஒட்டுப் போடாமல் கிரில்லைக் கைவிடச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

கறள்! எவ்வளவு நல்ல சொல். ‘கறை’யோடு உறவுடையது என்பது என் துணிபு. செம்புக்குக் களிம்பு, இரும்புக்குத் துரு அல்லது கறள் என்று உலோகத்துக்கு ஒரு சொல் வைத்திருந்த மொழி இது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தைச் செம்பிலுறு களிம்புக்கு ஒப்பிடுகிறது. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது. அலுமினியத்தின் வெள்ளைப் பூப்புக்கு மட்டும் நம்மிடம் சொல் இல்லை. அதற்கும் தனி இழை தொடங்க வேண்டும்.

திருச்சியிலிருந்து, புதன்

என் அப்பா நீராவி இன்ஜினில் ஃபயர்மேனாக இருந்தவர். எங்கள் வீட்டில் ஃபயர்பாக்ஸ் என்றால் ஊட்டி மலை ரயில் இன்ஜினுக்குள் நெருப்பு எரியும் அறைதான். அப்பா பேச்சில் அதை ‘உலை’ என்பார். “உலையைப் பார்த்தியா, கண்ணு கூசும்” என்பார். ‘உலைப்பெட்டி’ என்று வைத்தால் ரயிலுக்கும் கிரில்லுக்கும் ஒரே சொல்லாகிவிடும்.

கோவையிலிருந்து, புதன்

உலை என்றால் வீட்டில் அரிசிக்கு வைக்கும் கொதிநீர், பட்டறையில் கொல்லன் உலை. இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்றை ஏற்ற வேண்டுமா? மேலும் கிரில் செய்யும் வெபர் நிறுவனமே தன் கையேடுகளில் இதை குக்பாக்ஸ் என்றுதான் எழுதுகிறது. நெருப்பை விட்டுவிட்டுச் சமையலைப் பிடித்தால் தஞ்சாவூர் ஐயா சொன்ன ‘அடு’ பொருந்துகிறது.

மட்டக்களப்பிலிருந்து, புதன் இரவு

தம்பி, தங்கச்சிமாருக்கு, எங்கள் அம்மம்மா மண் அடுப்பைத் தானே பிடித்து வைப்பா. அடுப்புக்கு வாய் இருக்கும், குமிழ் இருக்கும், நெருப்பு நிற்கும் இடத்துக்கு வயிறு. “வயிறு வெடிச்சிட்டுது, மண் பூசு” என்பா. புற்றுமண்ணைக் குழைத்து வெடிப்பில் விரலால் அழுத்திப் பூசுவோம். நீங்கள் இரும்பில் ஒட்டுப் போடுவதும் அதே வேலைதான். ‘அடுப்பு வயிறு’ என்று எழுதுங்கள். முதியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

சென்னையிலிருந்து, புதன் நள்ளிரவு

அக்கா, படித்ததும் பிடித்துவிட்டது. ஆனால் ‘வயிற்றின் உட்பகுதியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கவும்’ என்று வரிசையாக நாற்பது இடத்தில் வரும். அது கையேட்டில் நிற்காது. ‘அடுப்புத்தொட்டி’ என்று வைக்கலாமா? சிறுவர்க்கும் புரியும்.

ஸ்காபரோவிலிருந்து, வியாழன் காலை

அடுப்புத்தொட்டிக்கு இதுவரை ஏழு பேர் சரி என்று தனி மடல் அனுப்பியிருக்கிறார்கள். மறுப்பு இல்லாவிட்டால் மதியம் மாற்றிவிடுகிறேன்.

மார்க்கமிலிருந்து, வியாழன்

எனக்கு மறுப்பு இருக்கிறது, தங்கச்சி. தொட்டி என்றால் தண்ணீர் நிற்பது. அடியில் ஓட்டை இருந்தால் தொட்டியை அடைப்பதுதான் நம் ஆட்களின் வழக்கம். போன வருடம் ஒரு பெரியவர் கறள் ஓட்டையோடு சேர்த்துக் கொழுப்பு வடியும் துளையையும் பசை வைத்து அடைத்துவிட்டார். கொழுப்பு உள்ளேயே தேங்கித் தீப்பிடித்தது. நல்லவேளை, மூடியைச் சாத்திக் காஸை நிறுத்தினார். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதையும் பாருங்கள். கசிந்தால் கீழேதான் இறங்கும், அது வெளியேற வழி வேண்டும். இந்தப் பெயர் அந்தத் துளையை மறைக்கக் கூடாது.

கோவையிலிருந்து, வியாழன்

அப்படியானால் ‘அடுப்புக்கூடு’. கூடு என்றால் உள்ளே இருப்பதைத் தாங்குவது, எலும்புக்கூடு போல. நீர் நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வன்தொடர்க் குற்றியலுகரம், ககரம் மிகும், இலக்கணத்துக்கும் பழுதில்லை.

ஸ்காபரோவிலிருந்து, வியாழன்

ஆறாம் பக்கத்தில் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும், அதைக் கம்பியால் எடுக்க வேண்டும் என்று இருக்கிறதே. கூட்டை அகற்றுங்கள் என்றால் எந்தக் கூடு?

கோவையிலிருந்து, வியாழன்

அங்கே ‘சிலந்தி வலை’ என்று மாற்றிவிடுங்கள். கிரில்லின் உடலைச் சொல்லும்போது ஒவ்வொரு இடத்திலும் ‘அடுப்புக்கூடு’ என்று முழுச்சொல்லாகவே எழுதுங்கள், சுருக்க வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து, வியாழன் மாலை

சங்கப் புலவர் சொல்லிவைத்த சொல் இருக்க, பறவைக்குரியதை எடுத்து அடுப்புக்குத் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சொல் முதல் நாளே புரிய வேண்டும் என்பது என்ன நியாயம்? 1860-களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிரீன் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தபோது அந்த மாணவர்களுக்கு எல்லாச் சொல்லும் முதல் நாளே புரிந்திருக்குமா? பழகினார்கள். அடுகோடும் பழகும்.

மார்க்கமிலிருந்து, வியாழன்

ஐயா, மாணவன் தவறினால் ஆசிரியர் திருத்துவார். கிரில்லின் முன் நிற்கும் பெரியவர் தனியே நிற்கிறார்.

ஸ்காபரோவிலிருந்து, வியாழன் நள்ளிரவு

கோப்பை மூடிவிட்டேன். ‘அடுப்புக்கூடு’ என்றே போகிறது. ஆதரவு ஒன்பது, ‘அடுப்புத்தொட்டி’ மூன்று, ‘அடுகோடு’ ஒன்று. முதல் முறை வரும் இடத்தில் படம் போட்டு, கொழுப்புத் துளையைச் சிவப்பு வட்டத்தில் காட்டியிருக்கிறேன். ‘இதை அடைக்க வேண்டாம்’ என்று பக்கத்திலேயே எழுதியாகிவிட்டது. ‘துரு அல்லது கறள்’ என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரை மறுசோதனை செய்யாமல் நிரப்பித் தரமாட்டார்கள் என்பதையும், இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

மட்டக்களப்பிலிருந்து, வெள்ளி காலை

நல்லது, தங்கச்சி. அந்தப் படத்தின் கீழே மட்டும், இடம் இருந்தால், ‘அடுப்பின் வயிறு’ என்று சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். அச்சகத்துக்கு இன்னும் நேரம் இருக்கும்தானே?